விழுந்த பழத்தை மட்டும் வெட்டுகிறவன்

இன்று காலை நத்தத்திலிருந்து ஒரு சாக்கு மாம்பழம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. எல்லாம் மரத்தடியில் பொறுக்கியவை. கத்தியை வைத்ததும் புளிப்பும் அழுகலும் கலந்த அந்த வாடை எழுந்தது. உன் ஞாபகம் வந்துவிட்டது. அழுகிய பழத்தைக் கண்டதும் நினைவுக்கு வருகிற ஆள் நீ ஒருவன்தான் மாப்ள. கோபித்துக்கொள்ளாதே.

பல்கலைக்கழகத்தில் எனக்கு அன்றும் இன்றும் ஒரே வேலை. பழ ஈயை ஆராயும் மேடத்துக்காக, விழுந்த பழங்களை வெட்டிப் புழுவை எடுத்து மணல் போட்ட டப்பாவில் விட வேண்டும். பத்தாம் வகுப்பை இரண்டாம் தடவையில் தாண்டியவனுக்கு இது பெரிய உத்தியோகம். நீயோ உள்ளூர்ப் பத்திரிகை நிருபர். சாயங்காலம் டீக்கடையில் பார்த்ததும், “இன்னைக்கு எத்தன உசுரக் காப்பாத்துன?” என்பாய்.

டிவிக்காரர்கள் வந்த அன்று மேடம் வகுப்பில் இருந்தார். ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லி என்னை அனுப்பினார். நானும் போய்ச் சொன்னேன். அதோடு திரும்பியிருக்கலாம். மைக்கைப் பார்த்ததும் கை தானாகச் சீப்பை எடுத்துவிட்டது.

“நத்தம் மாம்பழத்துல புழு இருக்காண்ணே?”

“நான் வெட்டுனதுல புழு இல்லாத பழமே கெடையாது சார்!”

ஒரு எழுத்து பொய் உண்டா அதில்? அன்று மாலை டிவியில் என் முகத்துக்குக் கீழே ‘ஆராய்ச்சியாளர்’ என்று போட்டார்கள். வீட்டில் உன் தங்கச்சியும் என் மகளும் கைதட்டினார்கள். வெட்கமில்லாமல் நானும் சேர்ந்து தட்டினேன்.

மறுநாள் பல்கலைக்கழக வாசலில் நத்தத்துத் தோப்புக்காரர்கள் நின்றார்கள். பழம் எடுக்க வந்த வியாபாரிகள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்களாம். தலை சீவாமல் வந்ததால் என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார்: “அம்புட்டும் மரத்துல நிக்குது அப்பு. ரெண்டு நாள்ல உதிர்ந்துரும். எவனோ ஒருத்தன் வாயத் தொறந்ததுக்கு நாங்க என்ன செய்ய?”

பணியாளர் எவரும் பத்திரிகைக்காரர்களிடம் பேசக் கூடாது என்று அலுவலகம் உடனே சுற்றறிக்கை விட்டது. மேடம் பக்கம் பக்கமாக மறுப்பு எழுதிக்கொண்டிருந்தார். நான் சாக்கு அறைக்குள் ஒளிந்திருந்தேன். நீ அங்கேயே வந்துவிட்டாய்.

“ஏலே, எந்தப் பழத்த வெட்டுன?”

“கீழ விழுந்ததத்தான்.”

“மரத்துல இருக்குறத?”

“அத எதுக்கு வெட்டணும்? எங்களுக்கு வேண்டியது புழுல்ல?”

வழக்கமாக நான் வாயைத் திறந்தாலே சிரிப்பவன், அன்று நீ சிரிக்கவில்லை. “இத அப்படியே போடுறேன். உன் பேரோட.”

“பேரு வேணாம் மாப்ள. வேல போயிரும்.”

“பேரில்லாத மறுப்ப எவன் நம்புவான்? சொன்ன வாயே திருத்திச் சொல்லணும். வா.”

என்னை மேடத்திடம் இழுத்துக்கொண்டு போனாய். அவர் எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு நாலே வரி எழுதினார். எதை வெட்டினோம், எதை வெட்டவில்லை, அவ்வளவுதான். “இவரத் தனியாப் பேச விட்டது என் தப்பு” என்று அலுவலகத்திலும் சொன்னார். என் வேலை தப்பியது. கிளம்பும்போது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “ஆளுங்க வாயப் பூட்டாதீங்க மேடம். பூட்டுனா நாங்க வெவரம் தெரியாத வாயாத் தேடிப் போவோம். தெரிஞ்சதச் சொல்லட்டும். எதப் பாத்துத் தெரிஞ்சுச்சுன்னும் சேத்துச் சொல்லட்டும்.”

உன் செய்தி வந்தபின் வண்டிகள் திரும்பி வந்தன. ஆனால் அந்தப் பெரியவரின் தோப்பில் அதற்குள் பாதி உதிர்ந்துவிட்டது. அந்தப் பழமும் சாக்கில் எங்களிடம்தான் வந்தது. நான்தான் வெட்டினேன். அதை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை.

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. இன்று மத்தியானம் ஏதோ சேனலிலிருந்து போன். “நான் விழுந்த பழத்த மட்டும் வெட்டுறவன் சார். மரத்துல இருக்குறதப் பத்தி மேடத்தக் கேளுங்க, நம்பர் தாரேன்” என்றேன். பாதியிலேயே வைத்துவிட்டார்கள். உன்னிடம் சொல்லிப் பீற்றிக்கொள்ளலாம் என்று டீக்கடை வரை நடந்தேன். கடைக்காரர், “டீ ஒண்ணுதான?” என்றார். ஒன்றுதான்.

உன் தங்கச்சி பேரனைப் பார்த்துக்கொள்ளச் சென்னைக்குப் போய் மூன்று மாதம். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் மகள் அங்கிருந்து போனில் கூப்பிட்டாள். தினமும் அதே கேள்வி.

“சாப்டீங்களாப்பா?”

“சாப்டேன்மா.”

“சரிப்பா, வச்சிரவா?”

நான் சொன்னதில் இன்றும் பொய் இல்லை. ஆனாலும் கையில் அந்த வாடை இன்னும் போகவில்லை மாப்ள.

“செத்த இரும்மா. சாப்பிட்டது பன்னும் டீயும். டீக்கடையில நின்னுக்கிட்டே.”

அவள் போனை வைக்கவில்லை. மெதுவாக, “நேத்து?” என்று கேட்டாள்.

அன்று சாக்கு அறையில் நீ கேட்ட மாதிரியே இருந்தது.