உன் ஸ்டூடியோ சுவரில் இருக்கும் இத்தாலிக்காரி

என் அருமை மாப்ளே சேகரு,

நீ போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. அதற்குள் உன் மானத்தை வாங்கிவிட்டேன். உயிரோடு இருந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பாய். அதற்கு வழியில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

உன் ஸ்டூடியோவில் ஒரு இத்தாலி நடிகையின் படம் இருக்கிறதே, பத்திரிகையிலிருந்து வெட்டி நீயே சட்டம் போட்டு மாட்டியது? காற்றில் முடி கலைந்து, கையில் பையோடு ஏதோ தெருவைக் கடக்கிறாள். "கேமரா இருக்கிறதே தெரியாம நடக்குறா பாரு. நம்ம ஜனங்க மூஞ்சியைக் கல்லு மாதிரி வெச்சிக்கினு உக்காருதுங்க" என்பாய், பாஸ்போர்ட் போட்டோ எடுத்தே தேய்ந்த நீ. அவள் யாரென்று உன் மனைவி மல்லிகா கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை.

உன்னை எடுத்த அன்று சாயங்காலம் டீக்கடையில் எல்லோரும் உம்மென்று இருந்தார்கள். எனக்குப் பொறுக்குமா? "ஸ்டூடியோவுல ஒரு வெள்ளைக்காரி இருக்காளே, யாருன்னு நெனச்சீங்க? கிரிவலம் வந்தவ. அப்புறம் வருஷா வருஷம் நம்மாளைப் பார்க்கத்தான் வந்தா" என்று எடுத்துவிட்டேன். சிரித்தார்கள். நாலு பேர் சிரித்தால் எனக்குக் கண் தெரியாது. ஒரு மோதிரம், ஒரு கண்ணீர் என்று சேர்த்துக்கொண்டே போனேன்.

ஆசிரமமும் கிரிவலமும் இருக்கும் நம் ஊரில் வெள்ளைக்காரிகளுக்கா பஞ்சம்? எல்லோரும் நம்பிவிட்டார்கள். வேங்கிக்காலில் இருக்கும் உன் வீட்டுக்கு எனக்கு முன்னால் கதை போய்ச் சேர்ந்தது.

நேற்று மல்லிகா கூப்பிட்டனுப்பினாள். திட்டுவாள் என்று நினைத்துப் போனேன். காபி கொடுத்தாள்.

"அந்தம்மா இப்ப ஊர்லதான் இருக்காங்களாண்ணா? பதினாறாம் நாள் காரியத்துக்கு அவங்களுக்கும் சொல்லிடுங்க. அவங்களும் அழணும் இல்லீங்களா?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன், மாப்ளே. அது சினிமா நடிகை, நான் விட்ட புளுகு என்று கும்பிட்டேன். செல்போனில் அதே படத்தைத் தேடிக் காட்டினேன்.

"செல்லுல இப்ப எதைத்தான் பண்ண முடியாது? உங்க சிநேகிதரை நீங்க விட்டுக்கொடுக்க மாட்டீங்கண்ணா" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஊரைச் சிரிக்கவைத்தே பிழைத்தவன் உண்மை சொன்னால் யார் நம்புவார்கள்? உன்னை நினைத்து நிம்மதியாக அழக்கூட அவளை விடாமல் செய்துவிட்டேனே?

காரியத்தன்று பந்தலில், டீக்கடையில் சிரித்த அத்தனை பேர் எதிரிலும் எழுந்து நின்று, நான் புளுகினேன் என்று சொல்வேன். அதையும் ஜோக் என்று சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும், மறுபடியும் சொல்வேன். மல்லிகா நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கும் வரை உட்கார மாட்டேன்.

உன் மச்சான்,
கருணா