மேட்டுப்பட்டி மெஷினும் மஸ்கட் விசாவும்

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
3.2.2008

அன்பு மச்சானுக்கு,

மாதா துணையால் இங்கே சுகம். மஸ்கட் வெயில் உங்களை ரொம்ப வாட்டவில்லையே? போனில் பேசினால் கொஞ்ச நேரத்திலேயே சண்டையாகிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன லீவில் நீங்கள் பாதியில் விட்டுப்போன மரம் செதுக்கும் மெஷினைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னீர்கள். போடவில்லை. மோட்டார்கள் ஓடுகின்றன. கம்ப்யூட்டர் சொல்கிற இடத்தில் மரத்தைக் குடையும் பிட் போய் நிற்கிறது. கீபோர்டுதான் தொல்லை. மரத்தூள் புகுந்து, அமுக்கிய பட்டன் எழும்புவதில்லை. அதனால் தொடுதிரை வைக்கப்போகிறேன். மூடிப்போன ஓட்டல் ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருந்த திரை, பழைய சாமான் கடையில் கிடைத்தது. குழம்புக் கறையைத் துடைக்கவே ஒரு சாயங்காலம் போய்விட்டது. விரல் ஓரிடத்தில் பட்டால் திரையிலுள்ள அம்புக்குறி வேறிடத்துக்குப் போகிறது. பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் லேபில் பிள்ளைகள் கெடுத்து வைப்பதையெல்லாம் சரிசெய்கிறவள் நான். இதையா விடுவேன்?

உங்கள் டெய்சி

மஸ்கட்
24.2.2008

டெய்சிக்கு,

நான் சுகம். அது விளையாட்டுச் சாமான் இல்லை. லீவு முழுக்க மல்லுக்கட்டி நானே கைவிட்டது. நீ தனியாக இருக்கிற வீட்டில் கையை வெட்டிக்கொண்டால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவது?

குடும்ப விசா கிடைத்துவிட்டது. ஜூனில் வந்து கூட்டிப்போகிறேன். பள்ளிக்கூடத்தில் ராஜினாமா எழுதிக் கொடு. மெஷினை விற்றுவிடு.

விற்கும்வரை நீ ஓட்டத்தான் போகிறாய், தெரியும். நிறுத்துவதற்குத் திரையை மட்டும் நம்பாதே. கம்ப்யூட்டர் உறைந்துபோனால் திரையில் எத்தனை தட்டினாலும் கேட்காது. மோட்டாருக்குப் போகும் கரண்டையே வெட்டுகிற சிவப்புப் பொத்தான் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் தனியாக வை.

கிளெமென்ட்

திண்டுக்கல்
30.3.2008

அன்பு மச்சானுக்கு,

நீங்கள் சொன்ன பொத்தானை உடனே வைத்தேன். திரையும் இப்போது விரல் பட்ட இடத்தைச் சரியாகப் பிடிக்கிறது. அதில் எல்லாம் தமிழில், தீப்பெட்டி அளவுக் கட்டங்களாக இருக்கிறது.

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாள் வந்தார். "ஏத்தா டெய்சி, செத்த நேரம் அத நிப்பாட்ட மாட்டியா? மண்டைக்குள்ள குடையுது" என்றார். "நீங்களே தொட்டு நிப்பாட்டுங்கக்கா" என்றேன். ஆசையாகத் தொட்டார். நிற்கவில்லை. கம்ப்யூட்டர் உறைந்துபோயிருந்தது. பிட் பலகையைத் துளைத்து மேஜைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சிவப்புப் பொத்தானை ஓங்கிக் குத்தினேன். நின்றது. "உம் புருசனுக்குத் தெரிஞ்சா அம்புட்டுத்தான்" என்றார் அக்கா. தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மோட்டார் ஒயரையும் திரை ஒயரையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருந்தேன். கோளாறு அதுதான். பிரித்து இழுத்து, எர்த் கொடுத்தேன். அதற்குப் பிறகு உறையவே இல்லை. எங்கள் பள்ளிக்கூட லேபுக்கு 'கணினி ஆய்வகம்' என்று ஒரு பெயர்ப்பலகை செதுக்கினேன். 'ஆ'வின் சுழி அவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது.

ராஜினாமா எழுதவில்லை. நான் மஸ்கட்டுக்கு வரவில்லை, மச்சான். பூட்டிய வீட்டுக்குள் நீங்கள் எப்போது வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. இங்கே நான் தொட்டால் ஒன்று அசைகிறது.

உங்கள் டெய்சி

திண்டுக்கல்
18.5.2008

அன்பு மச்சானுக்கு,

பதிலே இல்லை. போனையும் எடுப்பதில்லை. ஆத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்காரர் எல்லாக் கதவுக்கும் பலகை கேட்டிருக்கிறார். கரண்டு போய்ப் போய் வருகிறது. போனால் முதலிலிருந்து தொடங்குகிறேன்.

ஜூனில் வந்தால் உங்களுக்குப் பிடித்த வெஞ்சனம் வைத்துச் சோறு போடுவேன். பெட்டி மட்டும் கட்ட மாட்டேன். கோபமாக இருந்தாலும் சுகம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

டெய்சி

மஸ்கட்
6.7.2008

அன்பு டெய்சிக்கு,

சுகம். ஜூனில் வராதது கோபத்தால்தான். என்னால் ஓட்ட முடியாத மெஷினை ஓட்டிவிட்டு என்னையே வேண்டாம் என்கிறாளே என்று கசந்தது.

விசாவைத் திருப்பிக் கொடுக்கப்போவதாக அறையில் கூட இருக்கிற பிரிட்டோவிடம் சொன்னேன். உன் கடிதத்தை வாங்கிப் படித்தான். "ஏலே, உன்னிய வேணாம்னா எழுதிருக்கா? மஸ்கட்டத்தான வேணாம்ங்கிறா" என்றான். பிறகு நானும் அதை வாங்கி மறுபடி படித்தேன். அவன் சொன்னதுதான் சரி.

விசாவைத் திருப்பிவிட்டேன். நவம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். அங்கே எனக்கு ஏதாவது வேலை இருக்குமா?

கிளெமென்ட்

திண்டுக்கல்
20.7.2008

அன்பு மச்சானுக்கு,

இருக்கிறது. கன்னிவாடியிலிருந்து வேப்பம்பலகை ஏற்றி வர ஆள் இல்லை. மெஷினை நான் ஓட்டுவேன். வாங்க.

உங்கள் டெய்சி