பாஸில் இல்லாத சொல்

எண்ணூர்,
ஜூலை 12, 1953

அன்புள்ள மகனுக்கு,

கண்டக்டர் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டதாக உங்கள் டிப்போவில் பேசிக்கொள்கிறார்களாம். அது தவறு. திருவொற்றியூரில் நானாகத்தான் இறங்கினேன்.

அன்றும் வழக்கம்போல உன்னைப் பார்க்கக் கல்மண்டபத்துக்குப் புறப்பட்டேன். நீ வாங்கிக் கொடுத்த இலவச பாஸில் ‘ஊழியரின் தாயார்’ என்று அச்சிட்டிருக்கிறது. எல்லோரும் பார்க்கும்படிதான் அதை நீட்டுவேன். கண்டக்டர் இந்தத் தடத்துக்குப் புதியவர். பாஸைப் படிக்காமலே, “ஓசியா? குந்து ஆயா” என்றார்.

“அப்படிச் சொல்லாதீர்கள். என் மகன் உங்கள் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர்” என்றேன்.

“அட, நம்ம பிட்டரோட அம்மாவா! கோச்சுக்காத ஆயா. அவரே டிப்போல வாரா வாரம், ‘இன்னாப்பா, நம்ம வூட்டு ஓசி இன்னிக்கு வண்டி ஏறிச்சா?’ன்னு கேட்டுகினு கீறாரு.”

பஸ்ஸே சிரித்தது.

அவர் கெட்டவர் அல்ல. நான் எழுந்ததும் பதறிப்போய், கையைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டார். பார்த்தவர்கள் அதைத்தான் வேறுவிதமாகச் சொல்கிறார்கள். வீட்டுக்கு நடந்தே வந்தேன். கால் வீக்கம் இப்போது வடிந்துவிட்டது.

ஆறு ஞாயிறாக நான் வரவில்லை. ஏன் என்று கேட்க நீயும் வரவில்லை. வேலை அதிகமாக இருந்திருக்கும்.

அந்தச் சொல்லை நீ சொன்னாயா? விளையாட்டுக்குச் சொல்லியிருந்தாலும், சொன்னேன் என்றே எழுது. யாரிடமும் சொல்லி அனுப்பாதே. உன் கைப்பட எழுதிய பதில் எனக்கு வேண்டும்.

அம்மா