நீ போகாததற்குக் காரணம் நான்தான், அப்பா

என் தங்க அப்பாவுக்கு,

நீ போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. முதல் வருடத் திதிக்காக நாங்கள் நாலு பேரும் மெல்போர்னிலிருந்து வந்திருக்கிறோம். திருக்கழுக்குன்றத்து வீட்டில், உன் கட்டிலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆதி வாசலில் குழாயைத் திறந்துவிட்டு ஆடிக்கொண்டிருக்கிறான். உன் மாப்பிள்ளை பிரபு அவனை அதட்டுகிறார். நிலாவுக்குப் பத்து வயதாகப் போகிறது. உன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எல்லாம் பெருசா தெரியுதும்மா" என்கிறாள்.

இது உனக்கும் எனக்கும் நடுவில் இருக்க வேண்டிய கடிதம்தான். ஆனால் கூடப்பிறந்த அக்காவின் சாவுக்கு வராத தம்பி என்று ஊரே உன்னைப் பேசியிருக்கிறது. அதனால் இதை ஊரும் படிக்கட்டும்.

அத்தை போன அந்த வருடம் உன்னை மெல்போர்னுக்கு நான்தான் வரவழைத்தேன். ஆதிக்கு ரெண்டு வயது. நிலா அப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்தாள். எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை ஏழு மணிக்கு வேலை தொடங்கும். பிரபு அதற்கும் முன்னால் ரயிலைப் பிடிக்க ஓடுவார். குழந்தைகள் காப்பகத்தில் ஆதிக்கு ஜனவரி கடைசியில்தான் இடம் என்று சொல்லிவிட்டார்கள். "ஆறு மாசம் வந்து இருப்பா" என்று கேட்டேன். அம்மா போன பிறகு தனியாக இருந்த நீ, ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பி வந்தாய்.

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு அட்டவணை ஒட்டியிருப்பேன், ஞாபகம் இருக்கிறதா? யார் எத்தனை மணிக்கு எங்கே என்று அதில் இருக்கும். நீ வந்த மறுநாளே உன் பெயரையும் அதில் எழுதினேன். எட்டு இருபது, நிலா பள்ளி. பத்து மணி, ஆதி பூங்கா. மூன்றரை, நிலாவைக் கூட்டி வருதல். முப்பத்தைந்து வருடம் ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதனுக்கு மறுபடியும் ஷிப்ட் போட்டுக் கொடுத்தேன். நீ சிரித்தாய். "இன்னாம்மா, வாரத்துல ஒரு நாள் ஆஃப் கிடையாதா?" என்றாய். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஒரு நாளை நான் உனக்குக் கொடுக்கவே இல்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை. நான் சாப்பாட்டு டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தேன். நீ சமையலறை வாசலில் வந்து நின்றாய்.

"கலை, மதுராந்தகத்துல அக்காவுக்கு ரொம்ப முடியலயாம். செல்வி போன் பண்ணா. ஒரு தடவ பாத்துட்டு வந்துடட்டுமா?"

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இப்ப போனா ஆதிய யாருப்பா பாப்பாங்க? ஜனவரி வரைக்கும் பொறுத்துக்கோயேன். அத்தைய பாக்க அவங்க பொண்ணு செல்வி அண்ணி இருக்காங்க. எனக்கு யாரு இருக்காங்க?"

"சரி கண்ணு, நீ டென்ஷன் ஆவாத. ஜனவரிக்கே போய்க்கலாம்" என்று ஆதியின் சட்டையைத் தேடப் போய்விட்டாய்.

அத்தை உனக்கு அக்கா மட்டுமா? உனக்கு ஏழு வயதில் தாயும் தகப்பனும் போன பிறகு, கல்யாணமாகிப் போன வீட்டுக்கே உன்னையும் கூட்டிப்போய் வளர்த்தவள். இதெல்லாம் தெரிந்துதான் நான் அப்படிச் சொன்னேன். தெரியாமல் சொன்னேன் என்று எழுத எனக்கு வழியில்லை.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது நீ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாய். "அக்கா நேத்து போய்ட்டாங்கம்மா. இன்னிக்கு எடுத்துட்டாங்க" என்றாய். "ஐயோ அப்பா" என்று உன் தோளைப் பிடித்தேன். அந்த நேரம் ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. ஒரு நோயாளியின் பரிசோதனை முடிவைக் கணினியில் தப்பாக ஏற்றிவிட்டார்கள் என்று அரை மணி நேரம் பேசினேன். பேசி முடித்துப் பார்த்தால் நீ குழந்தைகளுக்கு ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தாய். அப்பா தாங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். அதன் பிறகு அதைப் பற்றி உன்னிடம் கேட்கவே இல்லை.

போன வருடம் நீ காலை நடைக்குப் போய்விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். நான் மறுநாள் வந்து சேர்ந்தேன். செல்வி அண்ணி தெருவிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. சொந்தத் தாய்மாமன் சாவுக்கு வந்து ஏன் வெளியே நிற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அன்று கேட்கும் நிலையிலும் நான் இல்லை.

இந்தத் தடவை திதிக்கு அழைக்க, போன திங்கட்கிழமை நிலாவைக் கூட்டிக்கொண்டு மதுராந்தகம் போனேன். ஆதியும் பிரபுவும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். அத்தை மகளை அண்ணி என்று கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். "அண்ணி, வியாழக்கிழமை அப்பாவுக்குத் திதி. நீங்க வரணும்" என்றேன். அவர் முறத்திலிருந்த கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க அப்பா எங்க அம்மாவுக்கு வந்தாரா?"

நான் நிலாவை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

"கட்டிக் கொடுத்த பொண்ணு செத்தா பொறந்த வூட்டுக் கோடி வரணும். எங்கம்மாவுக்குக் கூடப்பொறந்தது ஒரே தம்பி. அந்தத் தம்பி வரல. கடைசியில யாரோ பங்காளி வூட்டுப் பையனைக் கூப்ட்டு ஒரு பொடவையப் போட வெச்சாங்க. தெருவே பாத்துகினு நின்னுது, கலை. எங்கம்மா ரெண்டு நாளா தம்பி வந்துட்டானா, தம்பி வந்துட்டானான்னு கேட்டுகினே போச்சு."

"அப்பா என்ன சொன்னார் உங்ககிட்ட?"

"இன்னா சொல்வாரு? காலு வீங்கிகிச்சாம். டாக்டரு பிளேன் ஏறக்கூடாதுன்னுட்டாராம்."

அப்பா, உன் கால் எப்போது வீங்கியது? ஆதியை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு தினமும் ரெண்டு தடவை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாயே. அந்தப் பொய்யை எங்கே உட்கார்ந்து யோசித்தாய்? மகள் விடவில்லை என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே. என் பெயர் கெடக்கூடாது என்றா?

நான் சொல்லிவிட்டேன். டப்பா மூடிக்கொண்டிருந்ததையும், திரும்பிப் பார்க்காததையும், எனக்கு யாரு இருக்காங்க என்று கேட்டதையும் ஒன்று விடாமல் சொன்னேன். நிலா என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

செல்வி அண்ணி என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கீரையை அப்படியே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"உங்க ஊர்லேர்ந்து வந்தப்புறம் ரெண்டு தடவ இங்க வந்தாரு, தெரியுமா? பழமெல்லாம் வாங்கிகினு வந்தாரு. நான் கேட்டைத் தொறக்கல. வெய்யில்ல நின்னாரு. ஒரு சொம்பு தண்ணி குடுக்கல நான்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்? சொல்லியிருந்தா உன்னத் திட்டித் தீத்துட்டு, மாமாவுக்கு ஒரு வாய் சோறு போட்டிருப்பேனே."

"அண்ணி, அத்தைக்கு நான் இப்பவாவது ஒரு கோடி எடுத்து வைக்கட்டுமா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"கோடி அன்னிக்குத்தான் கலை. அதுக்கப்புறம் போட்டா அது வெறும் பொடவை."

திரும்பும்போது செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் அடுத்த பஸ்ஸுக்காக நின்றோம். நிலா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அந்தப் பாட்டி சாமிகிட்ட போன அன்னிக்கு தாத்தா ஸ்கூல் வாசல் பெஞ்ச்ல உக்காந்து போன் பாத்துட்டு இருந்தாங்க. நிறைய பூ இருந்துச்சு. மேளம் அடிச்சாங்க. தாத்தா அழுதாங்க. ஏன்னு கேட்டேன், காத்துல தூசின்னு சொன்னாங்க."

அங்கே மூன்றரை என்றால் இங்கே காலை பத்து. அத்தையைத் தூக்கிய நேரம். ஊருக்கு வராத தம்பி என்று தெருவே பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில், நீ பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து, அக்காவின் முகத்தைக் கையளவு கண்ணாடியில் தேடியிருக்கிறாய். மணி அடித்ததும் எழுந்து பேத்தியின் பையை வாங்கித் தோளில் மாட்டியிருக்கிறாய். பக்கத்தில் அத்தனை பெற்றோர்கள் நின்றிருப்பார்கள். ஒருவருக்காவது தெரிந்திருக்குமா, இந்த மனிதனுக்கு இன்று என்ன போய்க்கொண்டிருக்கிறது என்று? வீட்டில் இருந்த எனக்கே தெரியவில்லையே. பேருந்து நிலையத்தில், அத்தனை கூட்டத்தில், நான் வாய்விட்டு அழுதேன். நிலா பயந்துபோனாள்.

நேற்று உன் திதி. பிரபுதான் உட்கார்ந்து எல்லாம் செய்தார். பாதியில் செல்வி அண்ணி வந்தார். யாரிடமும் பேசாமல் நேரே சமையலறைக்குப் போய்ப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். என் சாம்பாரை வாயில் வைத்துப் பார்த்து, "இன்னா கலை இது, உப்பும் இல்ல ஒரப்பும் இல்ல, மாமா இதத் துன்னுவாரா?" என்று மறுபடி கொதிக்க வைத்தார். படையல் போட்ட பிறகு உன் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. உனக்குக் கேட்டதா?

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஐப்பசியில அம்மாவுக்குப் படைக்கிறோம். வரதுன்னா வா. போன்ல பாக்குறேன்னு மட்டும் சொல்லாத."

என்னை மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. அவருக்கு அவரையே மன்னிக்க முடியவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அந்தச் சுமையையும் நான்தான் கொண்டுபோய் அவர் தலையில் இறக்கினேன். உண்மையைச் சொன்னது சரியா, தப்பா? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

ஐப்பசியில் அங்கே பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும். ஆய்வகத்தில் ஆள் பற்றாக்குறை. இப்போது என்னை ஒரு பிரிவுக்குப் பொறுப்பாகவும் போட்டிருக்கிறார்கள். இன்று காலை பிரபுவிடம் சொன்னேன். "நீ போ கலை, பசங்கள நான் பாத்துக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாக முடிகிற ஒன்றை, அன்று நாங்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசவே இல்லையே, அப்பா. ஒரு மாதம் அவர் லீவு, ஒரு மாதம் நான் லீவு என்று எடுத்திருந்தால் நீ அக்காவைப் பார்த்திருப்பாய்.

நான் வருவேன். முதல் நாளே வந்து அண்ணியோடு சமைப்பேன். அத்தையின் சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, கூடப்பிறந்த தம்பி அன்று ஏன் வரவில்லை என்று யார் கேட்டாலும், யாரும் கேட்காவிட்டாலும், எழுந்து நின்று நடந்ததைச் சொல்வேன். நீ எனக்காகச் சொன்ன பொய் அந்த வீட்டில் இனி ஒரு நாளும் உன் பேரில் நிற்காது. இது சத்தியம்.

உன்னைப் போகவிடாத,
உன் ஒரே மகள்
கலை