தாடி வைத்தவரின் சவரக்கத்தி

கொலோனியா கரோயா
ஜூன் மாதம், ஞாயிறு, பூசைக்குப் பிறகு

அன்பு மகள் மிரெல்லாவுக்கு,

உன் சித்தப்பா ஒவிதியோ எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் சித்தி நெல்டாவும் நாய்களும் சௌக்கியம், கிழட்டு நாய் மட்டும் அடுப்படியை விட்டு எழுந்திருப்பதில்லை. அங்கே நம் தாத்தாவின் பழைய சீமையில், ஊதினேயில், நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், வெறும் காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே. நேற்று நம் வீட்டில் பன்றி அடித்தோம். இந்த வருஷத்துப் பன்றி மாதிரி தாத்தாக்கள் கப்பலில் வந்து குடியேறி இந்தக் காலனி பிறந்ததிலிருந்து யாரும் பார்த்ததில்லை, தூக்கி நிறுக்கும்போது தராசுச் சங்கிலியே அறுந்து விழுந்தது. சங்கிலி துருப்பிடித்திருந்தது என்று நெல்டா எழுதினால் நம்பாதே. குடலில் அடைத்த சலாமே எல்லாம் நிலவறையில் தொங்குகிறது, மசாலாவும் பூண்டும் ஒயினும் சேர்த்துப் பிசைந்தது நான்தான், கோர்தோபாவிலிருந்து வந்த ஒரு மந்திரி என் சலாமேயைச் சாப்பிட்டுவிட்டு அழுதே விட்டார்.

நீ போன வாரம் தொலைபேசியில் கேட்டதற்கு வருகிறேன். லைனில் இரைச்சல், அதனால் எழுதுகிறேன் என்றேன், இரைச்சல் மட்டும் காரணமில்லை. என் தாத்தா யாக்கும், உனக்குக் கொள்ளுத்தாத்தா, கப்பலில் வரும்போது எந்தச் சவரக்கத்தி கொண்டுவந்திருப்பார், அந்த மாதிரி ஒன்றை அங்கே பழைய சாமான் சந்தையில் வாங்கித் தபாலில் அனுப்புகிறேன், ஆகஸ்டில் அப்பாவின் வருஷப் பூசைக்கு உங்களுக்கு உதவும் என்றாய். உன்னால் வர முடியாது என்றாய். நம் வீட்டில் சாவு விழுந்தால் ஆண்கள் ஒரு வருஷம் முகத்தில் கத்தி வைப்பதில்லை, பூசை முடிந்ததும் கல்லறைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, போனவரின் பிள்ளைதான் முதல் வழிப்பு வழிக்க வேண்டும், நீ மறக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம். அண்ணன் நெரேயோவுக்கு நீ ஒருத்திதான். என் தாடி இப்போது எப்படி இருக்கிறது என்றால், பங்குச் சாமியார் என்னைப் பார்த்து ஒரு நிமிஷம் சூசையப்பர் இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டார்.

கத்தி விஷயத்தில் என்னை விட்டால் இந்த மாகாணத்தில் உனக்குச் சொல்ல ஆளில்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு என்றாலும் பள்ளிக்கூடச் சுவரில் இருந்த வரைபடம் முழுக்க எனக்கு மனப்பாடம். தாத்தாவின் கத்தி தந்தப்பிடி போட்டது, ஒரு கோமகன் கொடுத்தது என்று உனக்குச் சின்ன வயதில் சொன்னேனே, அதை நான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் நீ காசு கொடுத்து வாங்கப் போகிறாய், அதனால் யோசித்துச் சொல்கிறேன். இங்கிலீஷ்காரன் செய்த ஷெஃபீல்டு கத்தியாக இருக்காது, அது ரயில் இன்ஜினீயர்கள் முகத்துக்கு. ஜெர்மனியின் சோலிங்கன் கத்தி பக்கத்து ஊர் ஹெசூஸ் மரியாவின் கடைக்கு வந்ததெல்லாம் பிற்பாடு. தாத்தாவின் ஊரிலிருந்து மானியாகோ இரண்டு குன்று தள்ளி, அங்கே வீட்டுக்கு வீடு கத்திதான் அடிப்பார்கள், அங்கேயிருந்து ஒருவன் கூடையில் போட்டுக் கிராமம் கிராமமாக விற்றிருப்பான். மாட்டுக் கொம்புப் பிடி, தடித்த முதுகு, அடித்த கொல்லனின் சின்ன முத்திரை, அவ்வளவுதான் இருக்கும். ஏழை வீட்டுக் கல்யாணக் கத்தி.

இதையெல்லாம் சவரக்கடை எல்வியோவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். கடையில் நாலு பேர் மாத்தே குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பயல் நம் வீட்டுக் கூடத்துப் போட்டோவை நினைவு வைத்துக்கொண்டு, "ஏம்பா ஒவிதியோ, உன் தாத்தாவுக்குத் தாடி தொப்புள் வரைக்கும் தொங்குது, அவருக்கு எதுக்குப்பா கத்தி, சலாமே நறுக்கவா?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து நிலவறையில் ஆணியில் தொங்கும் தோல்வாரை எடுத்துப் பார்த்தேன். பன்றியின் காலைக் கட்ட என்று நாங்கள் நினைத்திருந்தோமே, அதுதான், தாத்தா பெட்டியில் வந்தது. எல்வியோவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான், விரலால் தடவினான், இந்த முறை சிரிக்கவில்லை. "இது கத்தி தீட்டுற வார்தான்யா. ஆனா இதுல ஒரு நாள்கூடக் கத்தி பட்டதில்ல. புதுசு" என்றான்.

மகளே, அதைக் கேட்டதும் எனக்கு உன் அப்பா சொன்னது பிடிபட்டது. யாக்கும் தாத்தா போனபோது நான் பேச்சு வராத கைக்குழந்தை, அண்ணன் அவர் மடியில் உட்கார்ந்து வளர்ந்தவன். படுக்கையில் கிடந்தபோது ஒரு நாள் சொன்னான், தாத்தா மழமழவென்று வழித்த முகத்தோடுதான் ஜெனோவாவில் கப்பல் ஏறினாராம். கையில் ஒரு பெண் குழந்தை, லூசியே என்று பெயர், காய்ச்சல் வந்து நடுக்கடலில் போய்விட்டது, துணியில் சுற்றிக் கடலில் விட்டுவிட்டார்கள். வருஷம் முடிந்ததும் தாடியை வழித்துக்கொள்ளச் சொல்லிப் பாட்டி கெஞ்சியிருக்கிறாள், அவர் மாட்டேன் என்றுவிட்டார். கல்லறைப் பக்கத்தில்தான் நாற்காலி போட வேண்டும், கடலில் எங்கே போடுவது. அப்புறம் ஏழு பிள்ளைகள் பிறந்தார்கள், திராட்சை வைத்தார், வீடு கட்டினார், தாடி மட்டும் அப்படியே அவரோடு மண்ணுக்குப் போனது. கத்தி என்ன ஆயிற்று என்று அண்ணனுக்கும் தெரியவில்லை. குழந்தையோடு அதையும் சுற்றி விட்டுவிட்டாரோ என்னவோ. வார் புது நாட்டுக்கென்று புதுசாக வாங்கியதாக இருக்கும், நீ கேட்ட கத்தி இந்த மண்ணில் ஒரு முகத்தையும் தொடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ கிளம்பியபோது அண்ணன் பேசியது எனக்கு ஞாபகம் இருக்கிறது, "கிழவன் படாத பாடுபட்டு வந்த வழியிலேயே என் பொண்ணு திரும்பிப் போறா, அவன் எழுந்து வந்து கேட்டா நான் என்னடா சொல்லுவேன்" என்று. அதற்கப்புறம் நீங்கள் இரண்டு பேரும் பேசாமலிருந்ததும் தெரியும், அடக்கத்துக்கு நீ வந்து சேர முடியாததும் தெரியும். இப்போது எந்த முகத்தோடு வருவேன் என்று நெல்டாவிடம் கேட்டாயாம். உன் அப்பா என்ன முகத்தோடு இருந்தான் என்று நான் சொல்கிறேன் கேள். படுக்கையில் விழுந்த நாளிலிருந்து தினமும் காலையில் என்னைக் கூப்பிட்டு வழித்துவிடச் சொல்வான். அந்தப் பிளாஸ்டிக் கத்தியால்தான், ஆனால் என் கைக்கு எந்தக் கத்தியும் சொன்னபடி கேட்கும், ஒரு கீறல் விழுந்ததில்லை. எதற்கு இத்தனை மாப்பிள்ளை அலங்காரம் என்று கிண்டல் செய்வேன். "அவ திடீர்னு வந்து நின்னா, நோயாளி மூஞ்சியவா காட்டுறது?" என்பான். உன் பெயரைச் சொல்லமாட்டான், அவ, அவ்வளவுதான். கடைசி நாள் காலையில் வெந்நீரோடு போனேன். கையைப் பிடித்துக்கொண்டான். "இன்னிக்கு வேண்டாம்டா தம்பி, இன்னிக்கு அவ வரமாட்டா" என்றான். தண்ணீர் ஆறும் வரைக்கும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவன் கோபம் தினமும் காலையில் சோப்பு நுரையோடு போய்க்கொண்டிருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், பார்த்தவன் நான் ஒருவன்தான். கத்தி வாங்கு, நான் சொன்ன அடையாளத்தில் வாங்கு, கொம்புப் பிடி. ஆனால் தபாலில் போடாதே. தபாலில் கத்திதான் வரும், கை வராது. எல்வியோ தானே வழித்துவிடுவதாகச் சொல்கிறான், எல்வியோ என்ன நெரேயோவின் பிள்ளையா? கூடத்தில் தாத்தா போட்டோவுக்கு எதிரே ஒரு கண்ணாடி இருக்கிறதே, காலையில் அதில் என்னைப் பார்த்தால் யார் யார் என்று ஒரு நிமிஷம் குழம்பிப் போகிறது. அவருக்காவது நாற்காலி போட முடியாத கடல். உன் அப்பாவுக்குப் பிளாத்தனோ மரம் வரிசையாக நிற்கிற தெருக்கோடியில் பெயர் வெட்டிய கல் இருக்கிறது, பக்கத்தில் நாற்காலி போட இடமும் இருக்கிறது.

மாதா உன்னை எல்லாத் தீங்கிலிருந்தும் காக்கட்டும், உன் கைக்கும் காலுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். நெல்டா உன் அறைக்குக் கம்பளி எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். ஆகஸ்டில் இங்கே குளிர் எலும்பைத் தொடும், அங்கே கோடை என்று மெல்லிய சட்டையோடு கிளம்பிவிடாதே. கத்தியைக் கைப்பையில் வைக்காதே, விமானத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், பெட்டிக்குள் துணி நடுவில் வை.

உன் சித்தப்பா
ஒவிதியோ பெரேசுத்தி