பத்தொன்பதாம் தாள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சுகம். உன் முழங்கால் சுகமா என்பதுதான் இந்த வீட்டில் காலையில் எழுந்ததும் முதல் பேச்சு. ஓடிக் காட்டும் வரைக்கும் போனைத் தொடமாட்டேன் என்று அணைத்துப் போட்டுவிட்டாய். பத்திரிகைக்காரர்களுக்குப் பயந்து அணைத்தாய், சரி. கூடப் பிறந்தவளுக்கும் சேர்த்தா அணைப்பது? "எழுதுக்கா, படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சிகிச்சைக்கு விமானம் ஏறினாய். எழுதுகிறேன். ஒரு வரி விடாமல் படி.

நம் கால்பந்து கிளப்பில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. இரண்டு சீசனாகக் கடைசி இடத்தில் கிடந்தோம் இல்லையா, புதிய முதலாளி வந்ததும் வராததுமாகத் துடைப்பத்தை எடுத்துவிட்டார். பழைய மேலாளர் போய்விட்டார். பயிற்சியாளர் போய்விட்டார். ஊர் ஊராகப் போய்ப் புது ஆட்டக்காரர்களைப் பார்த்து வருவார்களே, அந்த மூன்று பேரும் போய்விட்டார்கள். மாடி ஆபீஸில் பழைய ஆள் என்று மிஞ்சியிருப்பது நானும் தண்ணீர் சொட்டும் அந்த ஏசியும்தான். ஏசியை அடுத்த வாரம் மாற்றுகிறார்களாம்.

புதிய மேலாளருக்கு, உடை அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அதற்குள் 'வெள்ளைச்சட்டை' என்று பெயர் வைத்துவிட்டார். தினமும் வெள்ளைச்சட்டை, முழங்கை வரை அளவெடுத்த மாதிரி மடிப்பு. குரலை உயர்த்துவதே இல்லை. ஆட்டக்காரர்களின் பதிவுப் படிவமெல்லாம் யார் கையில் இருக்கிறது என்று முதல் நாளே கேட்டார். இருபத்திரண்டு வருடமாக என் கையில் என்றேன். கேப்டன் என் தம்பி என்றும் சொல்லி வைத்தேன், பிறகு மறைத்தேன் என்று ஆகக்கூடாதே. தெரியும் என்றார். அவ்வளவுதான், முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

இருபத்தாறு பேரில் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதற்கு அவர் ஒரு வழி கொண்டுவந்திருக்கிறார். ஆளுக்கு ஒரு தாள். தாளில் பெயர் கிடையாது, சட்டை எண் கிடையாது, எந்த இடத்தில் ஆடுகிறவர் என்பதும் கிடையாது. முப்பதுக்கு மேலா கீழா, இரண்டு சீசனில் எத்தனை ஆட்டம் இறங்கினார், கிளப் டாக்டரிடம் எத்தனை நாள் சிகிச்சை, இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரி. புதிய பயிற்சியாளர், டாக்டர், நான், மூன்று பேரும் படித்துவிட்டு 'வைக்கலாம்' அல்லது 'விடலாம்' என்று டிக் போட வேண்டும். இரண்டு டிக் எந்தப் பக்கமோ அதுதான் முடிவு. நான் எதற்கு என்று கேட்டேன். இந்த கிளப்பின் ஞாபகம் நீங்கள்தான், ஆனால் ஞாபகம் பெயரைப் பார்த்தால் தடுமாறிவிடும், அதனால்தான் பெயரை எடுத்துவிட்டேன் என்றார். படித்த மனுஷன். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

இன்று மதியம் உட்கார்ந்து முடித்தோம். ஒரு ரகசியம் சொல்கிறேன், யாரிடமும் உளறாதே. உன் தாளை நான் கண்டுபிடித்துவிட்டேன். ஏழாம் தாள். முப்பதுக்கு மேல், ஐம்பத்தெட்டு ஆட்டம், சிகிச்சை நான்கே நாள். நம் அணியில் வேறு யார்? இந்த முழங்காலுக்கு முன்னால் நீ டாக்டர் பக்கமே போனதில்லையே. டிக்கை இரண்டு தரம் அழுத்திப் போட்டேன், அடுத்த தாளிலும் தடம் விழுந்திருக்கும். தப்புதான். ஆனாலும் அக்கா என்றால் இவ்வளவுகூட இல்லையா?

மற்றவர்களுக்கெல்லாம் நேர்மையாகத்தான் போட்டேன். பத்தொன்பதாம் தாள் ஒன்று வந்தது பார், இரண்டு சீசனில் பதினான்கே ஆட்டம், நூற்றிருபது நாள் சிகிச்சை. இவர் பந்து ஆட வந்தாரா, டாக்டர் அறையில் குடித்தனம் நடத்த வந்தாரா என்று கேட்டேன். பயிற்சியாளர் சிரித்துவிட்டார். வெள்ளைச்சட்டைகூட உதட்டைக் கடித்துக்கொண்டார்.

நாளை பட்டியலை நான்தான் தட்டச்சு செய்வேன். முதல் வரியில் உன் பெயர். காலில் பாரம் போடாதே. சாப்பாட்டைக் குறைக்காதே.

என்றும் உன் அக்கா

*

அன்புத் தம்பிக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று நாளாகத் தள்ளிப்போட்டேன். வேறு யார் மூலமாவது உன் காதில் விழுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பட்டியல் வந்துவிட்டது. உன் பெயர் அதில் இல்லை. ஒன்பது பேரை விடுகிறார்கள், அதில் நீயும் ஒருவன்.

மேலிடத்து முடிவு. என்னால் முடிந்ததைச் செய்தேன், நடக்கவில்லை. இதற்கு மேல் எழுத இப்போது என்னால் ஆகாது.

மனதை விட்டுவிடாதே. மருந்தை நேரத்துக்குப் போடு.

அக்கா

*

என் தங்கத் தம்பிக்கு,

உன் பதில் நேற்று வந்தது. ஆபீஸில் பிரிக்க மனம் வராமல் பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்தேன். "பரவாயில்லக்கா. நீ அந்த ரூம்ல இருந்தே முடியலன்னா வேற யாராலயும் முடிஞ்சிருக்காது. எனக்காக எவ்வளவு சண்ட போட்டிருப்பன்னு தெரியும். டாக்டர் மூஞ்சிலதான் இனி முழிக்க மாட்டேன்." இதைப் படித்துவிட்டு நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, பஸ் கடைசியாக நிற்கும் இடம் வரைக்கும் போய்விட்டேன். அங்கிருந்து நடந்தே வந்தேன்.

தம்பி, நான் சண்டை போடவில்லை. போன கடிதத்தில் எழுதியது பாதிப் பொய். முழுசையும் இப்போது எழுதுகிறேன். படித்துவிட்டு நீ என்ன நினைத்தாலும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அந்தப் பத்தொன்பதாம் தாள் உன்னுடையது. முதல் கடிதத்தில் அந்தப் பதினான்கு ஆட்டத்தைப் படித்தபோதே உனக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தும்தான் டாக்டர் மேல் பழியைப் போட்டு எழுதியிருக்கிறாயோ என்னவோ.

மறுநாள் காலை வெள்ளைச்சட்டை ஒரு உறையைக் கொடுத்தார். உள்ளே எந்த எண் யாருடையது என்ற குறிப்பு. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டச்சு செய்யத் தொடங்கினேன். ஏழு என்ற எண்ணுக்கு எதிரில் கோல்கீப்பர் பெயர் இருந்தது. ஏதோ மாற்றி எழுதிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். விரலை வைத்துக் கீழே கீழே தேடிக்கொண்டு வந்தேன். பத்தொன்பதில் நீ இருந்தாய். அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். டாக்டர் 'விடலாம்' போட்டிருந்தார். பயிற்சியாளர் 'வைக்கலாம்' போட்டிருந்தார். மூன்றாவது டிக் என்னுடையது.

டாக்டரைத் திட்டாதே. அவர் ஒரு டிக்தான் போட்டார். உன்னை அனுப்பியது நான்.

உன் தாளை எப்படி அடையாளம் தெரியாமல் போனது என்று கேட்பாய். நானும் இத்தனை நாளாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பத்தொன்பது வயதில் உன் பல் உடைந்து வாயெல்லாம் ரத்தமாக வந்தாயே, அதற்குப் பிறகு நான் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. மாடி ஆபீஸில் கதவைச் சாத்திக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். நம் அணியைக் கிழிக்கிறார்கள் என்று பேப்பரில் அந்தப் பக்கத்தையும் திறப்பதில்லை. ஆட்டத்துக்கு முன்னால் நடுவருக்குக் கொடுக்கும் பெயர்ப்பட்டியலை எழுதுவது மட்டும்தான் என் வேலை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உன் பெயரை என் கையால் எழுதினேன். இறங்குகிற பதினொரு பேருக்குக் கீழே பெஞ்சில் உட்காருகிறவர்களின் பெயரும் அதே பட்டியலில்தான் வரும். நீ கீழே போன ஆட்டங்கள் பல உண்டு என்று தெரியும். பழைய பயிற்சியாளர் ஓய்வு கொடுக்கிறார், கடைசியில் எப்படியும் இறக்குவார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எழுதிய பெயரையெல்லாம் ஆடிய பெயராக எண்ணிவிட்டேன். இருபத்திரண்டு வருடம் இந்த வேலை பார்த்தவளுக்கு வரக்கூடாத தப்பு.

ஆட்டம் முடிந்து தலை ஈரத்தோடு மாடிக்கு வருவாய். எப்படிடா என்பேன். "ஓடினோம்க்கா" என்பாய். ஓடினேன் என்று நீ ஒரு நாளும் சொல்லவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. டாக்டர் அறையில் நூற்றிருபது நாள் படுத்திருக்கிறாய். என்னிடம் சொன்னது "லேசான வலிதான்க்கா, ஐஸ் வச்சா போயிடும்." உன் அத்தானுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அக்கா பயந்துடுவா, சொல்லாதீங்க என்றாயாம். நேற்று அதைச் சொல்லிவிட்டு மனுஷன் குழந்தை மாதிரி அழுதார். அவரோடு பேச்சை நிறுத்தலாம் என்று பார்த்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிறுத்துவது?

பட்டியலை அப்படியே விட்டுவிட்டு வெள்ளைச்சட்டையிடம் போனேன். ஆள் மாறிப் போட்டுவிட்டேன், ஏழாம் தாளைத் தம்பி என்று நினைத்தேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வேலையை விட்டு அனுப்பினாலும் அனுப்புங்கள் என்றேன். அவர் திட்டவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அது உங்கள் தம்பி என்று தெரிந்திருந்தால் என்ன போட்டிருப்பீர்கள் என்று கேட்டார். வைக்கலாம் என்று போட்டிருப்பேன் என்றேன். அப்படியானால் தெரியாமல் போட்டதுதானே உங்கள் உண்மையான அபிப்பிராயம் என்றார். இந்த ஒன்றை மாற்றினால் மற்ற எட்டுப் பேருக்கும் நான் என்ன பதில் சொல்வேன் என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த நியாயத்தை என்னால் இந்த ஜென்மத்தில் மன்னிக்க முடியாது.

படியில் இறங்கும்போது பயிற்சியாளர் எதிரில் வந்தார். அந்தத் தாளின் கடைசி வரியைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்க்கவில்லை. நூற்றிருபது நாள் என்பதைப் படித்ததும் மேலே படிக்காமல் கேலி பேசத் தொடங்கிவிட்டேன். கடைசி வரியில், இவர் இறங்கிய பதினான்கு ஆட்டத்தில் அணி வாங்கியது எட்டே கோல் என்று இருந்ததாம். மற்ற ஆட்டங்களில் வாங்கியதற்குக் கணக்கே இல்லை. அதைப் பார்த்துத்தான் வைக்கலாம் என்று போட்டேன் என்றார். உன் முகத்தைக்கூட நேரில் பார்க்காத மனுஷன் உன்னைக் கண்டுகொண்டார். பதினொரு வயதிலிருந்து உனக்குச் சோறு போட்டு வளர்த்தவள் கண்டுகொள்ளவில்லை.

கோல்கீப்பர் என்னைப் பார்க்க வந்தார். அவரும் இரண்டுக்கு ஒன்று என்றுதான் தப்பியிருக்கிறார். என் டிக் என்று எப்படியோ தெரிந்துவிட்டது போல. நீங்க இல்லன்னா நான் இல்லம்மா என்று கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று பிள்ளைகள் அவருக்கு. நல்லா ஆடுங்க என்று சொல்லி அனுப்பினேன்.

உடை அறை அண்ணன் உன் அலமாரியிலிருந்து பெயர்த் தகட்டைக் கழற்றிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். நான்கு திருகாணியையும் தனியாக ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். வீட்டு வாசலில் மாட்டிக்கட்டும் என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னொரு விஷயம். விடுவிக்கும் படிவம் என்று ஒன்று இருக்கிறது. ஆட்டக்காரர் கையெழுத்துப் போட வேண்டும், கீழே சாட்சியாகச் செயலாளரான நான் போட வேண்டும். ஒன்பது படிவத்தையும் நான்தான் தயார் செய்தேன். உன் கோப்பைத் திறந்தபோது அடியில் உன்னைச் சேர்த்த படிவம் கிடந்தது. பதினேழு வயதுப் பையன் படம், காது இரண்டும் விடைத்துக்கொண்டு. பாதுகாவலர் என்ற இடத்தில் என் கையெழுத்து. பயத்தில் எழுத்து ஆடியிருக்கிறது. இந்தப் பிள்ளையை நம்பி உங்களிடம் விடுகிறேன் என்று அன்று பழைய மேலாளரிடம் சொன்னேன். அவர் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்.

சாட்சியின் கண் எதிரில் கையெழுத்திட வேண்டும் என்று அந்தப் படிவத்திலேயே ஒரு வரி இருக்கிறது. அதை யாரும் பின்பற்றுவதில்லை. முன்கூட்டியே சாட்சிக் கையெழுத்தைப் போட்டுத் தபாலில் அனுப்பிவிடுவதுதான் இத்தனை வருடப் பழக்கம். மற்ற எட்டுப் பேருக்கும் அப்படித்தான் அனுப்பினேன். உன்னுடையது இன்னும் என் மேஜை இழுப்பறைக்குள் இருக்கிறது. என் இடம் காலியாக இருக்கிறது. வெள்ளைச்சட்டை இரண்டு தரம் கேட்டுவிட்டார். விதியில் நேரில் என்று இருக்கிறது சார், அவர் வந்தால்தான் முடியும் என்றேன். விதியை அவருக்கே படித்துக் காட்டினேன்.

அதனால் நீ நேரில்தான் வர வேண்டும். ஊன்றுகோலோடு வந்தாலும் சரி. மாடி ஏறச் சிரமம் என்றால் நான் படிவத்தை எடுத்துக்கொண்டு கீழே வருகிறேன். என் எதிரில் உட்கார்ந்து திட்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டு. இல்லை, ஒரு வார்த்தையும் பேசாமல் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு எழுந்து போவதானாலும் போ. இந்த முறை கதவைச் சாத்திக்கொள்ள மாட்டேன். நீ நடந்து வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

உன் கால் உறுதிப்பட வேண்டும். வேறு எதையும் கேட்க எனக்கு வாய் இல்லை.

உன் அக்கா