பஞ்சில் சுற்றிய பொம்மை

அரியூர் நாடு, கொல்லிமலை
ஆவணி 29, 2004

அன்பு மகன் மணிவண்ணனுக்கு, உன் அப்பா சின்னுசாமி சொல்லச் சொல்ல நம் தபால் ஆபீஸ் அர்த்தனாரி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா கண்ணாயியும் வேளைக்குச் சோறு உண்டு எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதுபோல நீயும் அந்தச் சிங்கப்பூரில் கை கால் சுகத்தோடு இருக்கப் பெரியண்ணசாமி துணை. உன் இடது காலில் வைத்த கம்பியை எடுத்துவிட்டார்களா, மறுபடி வேலையில் ஏறி இறங்கும்போது இன்னும் வலிக்கிறதா என்று அம்மா தினமும் கேட்கிறாள், போன கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. இந்த வருஷம் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது, மேல்காட்டில் சாமை நன்றாக வந்திருக்கிறது, மரவள்ளியில் பாதியைக் காட்டுப்பன்றி தோண்டிவிட்டது. உன் தங்கை பானுமதி ஆடிக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள், அண்ணன் எப்போது வரும் என்று கேட்டாள்.

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பொம்மை டப்பாவைத் திறந்து, பஞ்சில் சுற்றி வைத்திருக்கும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேளுக்குறிச்சிக்குப் போய் உன்னோடு வேலை பார்த்த குணசேகரனின் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வரும்படி எழுதியிருந்தாய். உன் சொல்லிலேயே சொன்னால், அது குணசேகரனுடைய பொம்மை, போன வருஷம் சித்திரையில் நான் லீவுக்கு வந்தபோது தன் அம்மாவிடம் சேர்க்கச் சொல்லி அவன் கொடுத்தனுப்பியது, கீழே இறங்க நேரம் வாய்க்காமல் டப்பாவிலேயே விட்டுவிட்டு வந்தேன், அவன் இறந்த பிறகு அந்த அம்மா போனில் அதைக் கேட்டபோது வாய் வராமல் போனை வைத்துவிட்டேன், இதுவரை ஒரு வரி எழுதவும் இல்லை என்று எழுதியிருந்தாய். அர்த்தனாரி படித்து முடித்ததும் இன்னொரு தரம் படி என்றேன். கண்ணு, அந்தப் பொம்மை டப்பாவில் இல்லை. பத்து மாதத்துக்கு முன்பே அதை நான் கோயிலில் வைத்துவிட்டேன்.

எப்படி வைத்தேன் என்றால், முதலிலிருந்து சொல்கிறேன். அந்தச் சித்திரையில் நீ டப்பாவைப் பாயில் கவிழ்த்துக் காட்டினாய். ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம், செட்டுக்குப் பதினாறு, அதில் பதினைந்து சேர்ந்துவிட்டது என்றாய். எனக்கு எழுத்துத் தெரியாதே தவிரப் பார்த்தது மறக்காது. முதல் ஆள் பாட்டுக்காரன், மைக்கை வாயோடு வைத்தவன், காதில் மூன்று ஊக்கு. இரண்டாவது கட்டம் போட்ட கால்சட்டைக்காரன், முழங்காலில் கிழிசல். மூன்றாவது பெண்பிள்ளை, ஊதாத் தலைமுடி, ஒரு பக்கம் மட்டும் மழித்தது. நான்காவது மொட்டைத் தலை, கழுத்தில் பூட்டுப் போட்ட சங்கிலி. மிச்சத்தையும் இப்படியே சொல்வேன், அர்த்தனாரிக்குத்தான் கை வலிக்கும். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் வேலை கிடைக்காத பையன்கள், நம்மை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லையே, இப்படியாவது பாருங்கள் என்று மூக்கிலும் காதிலும் ஊக்கைக் குத்திக்கொண்டு, முடியைச் சேவல் கொண்டையாக நிறுத்தி, தொண்டை கிழியப் பாடியதுதான் பங்க் பாட்டு, இவர்கள் அந்த ஆட்கள் என்றாய். உன் தாய்மாமன் பூசாரி சென்றாயன் எட்டிப் பார்த்துவிட்டு, ஏனுங்க மச்சான், சீமைக்குப் போயி பவுனு கொண்டாருவான்னு பாத்தா, அலகு குத்துன கும்பல டப்பாவுல அடச்சுக் கொண்டாந்திருக்கறான், இதுங்களுக்குப் பொங்க வெக்கறதா கெடா வெட்டறதா என்றான். மாமா, மொட்டத் தலையன் ரெண்டு இருக்கறான், ஒண்ணத் தர்றேன், உங்க கோயலுக்குக் காவலுக்கு வெச்சுக்கங்க என்று நீ சொன்னாய். எல்லோரும் சிரித்தோம். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை, கல்யாண வயதில் பிள்ளை பொம்மை வாங்குகிறானே என்று அவளுக்கு வருத்தம்.

எனக்கும் அப்போது வருத்தம்தான். ஆனால் அதை எப்படி வாங்குவீர்கள் என்று நீ சொன்னபோது வருத்தம் கொஞ்சம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நாளில் நீயும் குணசேகரனும் கடைக்குப் போவீர்கள், பாக்கெட் மூடியிருக்கும், உள்ளே எந்த ஆள் என்று தெரியாது, மேலாக விரலால் அழுத்திக் கொண்டை இருக்கிறதா, கையில் கிட்டார் இருக்கிறதா என்று தடவித் தடவி ஆளுக்கு ஒன்று எடுப்பீர்கள், மரத்தடியில் உட்கார்ந்து பிரிப்பீர்கள், வந்ததே வந்தால் மற்ற ஊர்ப் பையன்களிடம் மாற்றிக்கொள்வீர்கள். ஊர் விட்டு ஊர் போன இடத்தில் இரண்டு பேருக்கு ஞாயிற்றுக்கிழமை போக ஒரு வழி வேண்டுமல்லவா. அன்றைக்கு எல்லாவற்றையும் டப்பாவில் அப்படியே அள்ளிப் போட்டாய், ஆரஞ்சுக் கொண்டையோடு கையில் இரண்டு மேளக்குச்சி வைத்திருந்த ஒன்றை மட்டும் பஞ்சில் சுற்றித் தனியாக வைத்தாய். கடைக்கு வரும் பெட்டிக்கு இந்த ஆள் ஒன்றுதான் வரும் என்றாய், வேறொன்றும் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் செம்மேட்டுக் கடைக்குப் போன் வந்தது. கப்பல் பட்டறையில் சாரம் சரிந்து இரண்டு பேர் விழுந்துவிட்டீர்கள், இரண்டு பேருக்கும் நினைவில்லை, ஆஸ்பத்திரியில் கிடக்கிறீர்கள் என்றார்கள். உன் அம்மா மண்ணில் புரண்டாள். ஆள் பிழைக்க வேண்டுமென்றால் அந்த ஆளைப் போல மண்ணில் உருவாரம் செய்து கோயில் முன்னால் வைப்பது நம் வழக்கம், உனக்குத் தெரியும். அதைச் செய்கிற குயவர் அடிவாரத்தில் இருக்கிறார். அந்த வாரம் பாறை உருண்டு மலை ரோடு அடைத்துக்கிடந்தது, பஸ்ஸும் இல்லை லாரியும் இல்லை, காட்டுவழியில் இறங்கினாலும் உருவாரம் சுட்டெடுக்க நாலு நாள் ஆகும். எனக்குப் பொறுக்கவில்லை. டப்பாவைத் திறந்தேன். எல்லாம் அள்ளிப் போட்டது போல் கிடந்தன, ஒன்று மட்டும் பஞ்சுக்குள் இருந்தது. இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறானே, இதுதான் அவன், தன்னைத்தான் இப்படிச் சுற்றி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். பிறத்தியார் பொருளைத்தான் பிள்ளைகள் அப்படிப் பாதுகாப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் அதைக் கொண்டுபோய்ப் பெரியண்ணசாமி முன்னால் மண் உருவாரங்களுக்கு நடுவே நிறுத்தி, இவன் என் பிள்ளை, இவனை எனக்குக் கொடு என்று கேட்டேன். சனிக்கிழமை மத்தியானம் நீ கண் திறந்ததாகப் போன் வந்தது. அதே போனில் குணசேகரன் விடியற்காலையில் போய்விட்டதையும் சொன்னார்கள். நான் அந்தப் பையனுக்காக அழுதேன், உனக்காகக் கும்பிட்டேன். வேறொன்றும் அப்போது தெரியாது.

இப்போது உன் கடிதம் வந்த பிறகு நான் எப்படித் தூங்குவேன், சொல். ஊரான் பிள்ளையின் உருவத்தை நிறுத்தி வைத்து என் பிள்ளையைக் கேட்டிருக்கிறேன். மூன்று நாள் ஒருவரிடமும் சொல்லவில்லை. பிறகு சென்றாயனிடம் சொல்லி, எடுத்து அந்த அம்மாவுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். வெச்சத எடுத்தா வேண்டுதல் முறிஞ்சு போயிரும் மச்சான், மணி அங்க உசரத்துல நின்னு வேல பாக்கறான், மறந்தும் எடுத்துராதீங்க என்றான். உன் அம்மாவும் எடுக்கவே கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எடுத்தால் உனக்கு என்ன ஆகுமோ என்று பயம், எடுக்காவிட்டால் அந்தத் தாய்க்கு என்ன சொல்வது. அர்த்தனாரி, பொம்மை தொலைந்துபோனது என்று ஒரு கார்டு போட்டுவிடலாம் என்றான். இதையும் எழுது என்றேன், எழுதுகிறான். எனக்கு மனது ஒப்பவில்லை. சந்தை நாளில் பஸ் ஏறிப் பேளுக்குறிச்சிக்குப் போனேன்.

குணசேகரனின் அம்மா பெயர் பாப்பாயி. தோட்டத்துச் சாளை வீட்டுக்கு முன்னால் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தது. மணிவண்ணனோட அப்பனுங்க அம்மிணி, மலையிலிருந்து வாரேன் என்றதும் எழுந்து தண்ணீர் கொடுத்து, கட்டிலைப் போட்டு, பையனுக்குக் காலு தேவலைங்களா என்று உன்னைத்தான் முதலில் கேட்டது. அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உருவாரம் என்றால் என்ன என்று அதற்கு விளக்க வேண்டியதில்லை, அவர்களுக்கும் அதே வழக்கம்தான். எப்பங்க வெச்சீங்க என்றது. வெள்ளிக்கிழமை பொழுது சாயறப்ப என்றேன். சனிக்கிழம விடிய எம்பையன் போயிட்டானுங்க என்று சொல்லிவிட்டு மறுபடி வெங்காயத்தில் கையை வைத்தது. வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கையிலிருந்த வெங்காயத்தை ஆய்ந்து போட்டுவிட்டு, எப்பிடி இருக்குமுங்க அந்தப் பொம்ம என்று கேட்டது. ஆரஞ்சுக் கொண்டை, கையில்லாத கறுப்புச் சட்டை, மேளக்குச்சி என்று பார்த்ததைச் சொன்னேன். கொண்ட நட்டமா நிக்குமா என்றது. நிற்கும் என்றேன். சின்னதுல இருந்தே அவனுக்கு மயிரு படியாதுங்கண்ணா, வெளக்கெண்ணெ வெச்சு அமுக்கிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன், வாசலத் தாண்டறதுக்குள்ள எந்திரிச்சுக்கும், வாத்தியாரு சேவக்கொண்டைன்னுதான் கூப்புடுவாரு, என்னாட்டமே ஒண்ணு கெடச்சிருக்குது, மணிகிட்டக் குடுத்துவுடறேன், அடையாளம் தெரியுதான்னு பாரும்மான்னு போன்ல சொன்னான் என்றது. அப்புறம், பஸ்ஸு போயிருமுங்க, பொறப்படுங்க என்றது. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மலை ஏறி வந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் அந்த அம்மா தலையில் ஒரு கூடையோடு வந்து இறங்கியது. கோயலக் காட்டுங்க என்றது. கூடையில் முழ உயரத்தில் மண் உருவாரம் ஒன்று, வைக்கோலில் பொதிந்து. சென்றாயன் குறுக்கே நின்று, வெச்சத எடுக்கறது மொறையில்லீங்க அம்மிணி என்றான். வெச்சது யாருங்க என்று கேட்டது. எம்மச்சான் என்றான். பொம்ம அவருதுங்களா என்றது. சென்றாயன் என்னைத் திரும்பிப் பார்த்தான். எம்பையன் எனக்குக் குடுத்தனுப்புனது, வழியில நின்னு போச்சு, வந்து எடுத்துக்கறேன், அடுத்தவ சொத்தக் கொண்டாந்து வெச்சா அது சாமிக்கு வெச்சதாகாதுங்க என்று சொல்லிவிட்டு, உருவாரங்களுக்கு நடுவே தேடி எடுத்தது. பத்து மாத வெயிலும் மழையும் பட்டு ஆரஞ்சு வெளுத்திருந்தது, ஒரு குச்சி இல்லை, முகமெல்லாம் குங்குமம். முந்தானையால் துடைத்து, கட்டைவிரலால் அந்தக் கொண்டையை மூன்று தரம் அமுக்கிப் பார்த்தது. ஆமாங்க என்றது, அவ்வளவுதான். பிறகு கூடையிலிருந்த உருவாரத்தை அந்த இடத்தில் தன் கையாலேயே வைத்து, என் பக்கம் திரும்பி, உங்க பையன நாம் பாத்ததில்லீங்கண்ணா, மீச இருக்குமோ இருக்காதோ, குயவருகிட்ட வெக்கச் சொல்லிப்போட்டேன், எடம் காலியாக் கெடக்க வேண்டாம், அவனாச்சும் நல்லா இருக்கட்டும் என்றது. உன் அம்மா அதன் காலில் விழப் போனாள், விடவில்லை. எங்கள் வீட்டில் சாப்பிடவும் இல்லை, மோர் மட்டும் குடித்தது.

உன்னைக் காப்பாற்றியது எது என்று எனக்கு இனி தெரியாது, கண்ணு. நான் வைத்தது வைத்ததே ஆகாது என்றால் நீ பிழைத்தது எதனால், ஆகும் என்றால் அவன் போனது எதனால். இரண்டையும் யோசித்துப் பார்த்துவிட்டேன், எந்தப் பக்கமும் கரை தெரியவில்லை. ஆனால் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த அம்மா ஒன்று கேட்டது, அதைத்தான் உனக்குச் சேர்க்க வேண்டும். விழுகறப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான நின்னாங்க, கடைசியா எம்பையன் என்ன பேசிக்கிட்டிருந்தான்னு உங்க பையனக் கேளுங்க, நல்லதோ கெட்டதோ, எனக்குத் தெரியோணும் என்றது. அந்த இடத்தில் இருந்தவன் நீ ஒருவன்தான். என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன். இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் எனக்குப் புரிகிறது, ஆனால் நான் போய் நின்றேன், நீயும் நிற்கத்தான் வேண்டும். எனக்கு எழுத வேண்டாம், அந்த அம்மாவுக்கு எழுது. டப்பாவில் மிச்சமுள்ள பதினான்கில் அவன் வாங்கியது எது எது என்றும் எழுது. எனக்கு உருவம்தான் தெரியும், யார் வாங்கியது என்று தெரியாது. அவனுடையதைப் பிரித்து நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.

இடுப்பு பெல்ட் மாட்டாமல் ஒரு படிகூட ஏறாதே, மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் ஏறாதே. வேளைக்குச் சாப்பிடு. பெரியண்ணசாமியும், பெற்ற எங்கள் இரண்டு பேர் ஆசியும் உன் தலைக்குமேல் இருக்கட்டும். இந்தக் கடிதத்தோடு ஒரு வெற்று உறையும் வருகிறது. பேளுக்குறிச்சி பாப்பாயி அம்மாள் விலாசத்தை அர்த்தனாரி அதன் மேலே எழுதிவிட்டான், உள்ளே வைக்க வேண்டியது உன்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா சின்னுசாமி
(இடது பெருவிரல் ரேகை)